என் மேல் குத்திய சீட்டு

மார்ச் 14, வெள்ளி

இன்று ஒரு சின்னத் தவறு செய்துவிட்டேன். சின்னதுதானா என்பது நாளைக் காலை தெரியும்.

எங்கள் சலவைக் கடையின் முன்மேசையில் இருக்கும் அக்கா இந்த மாதத்தோடு நின்றுவிடுகிறார். அந்த இடத்துக்கு ஆசைப்படுகிறவர்கள் தங்களைப் பற்றி நாலு வரி எழுதித் தர வேண்டும் என்று முதலாளியம்மா சொல்லியிருந்தார். பின்னறை நீராவியில் துணி பிரிக்கிற எனக்கு அந்த மேசை மேல் ரொம்ப நாளாகவே ஒரு கண். நான் போகும் மாலை நேரத் தமிழ் வகுப்பில் இப்போது காற்புள்ளியும் இணைப்புச் சொற்களும்தான் பாடம். அந்தத் தைரியத்தில் எழுதினேன்: "நான் மெதுவாக வேலை செய்வேன், புதியவர்களிடம் பேசத் தயங்குவேன், தொலைபேசியில் திணறுவேன், அதனால் எனக்குப் பயிற்சி தேவைப்படும்." காற்புள்ளிகளை மறுபடியும் சரிபார்த்துவிட்டுக் காலையில் கொடுத்தேன்.

மதியம் முதலாளியம்மா கூப்பிட்டார். புள்ளியெல்லாம் அழகாக இருக்கிறது என்றார். பிறகு தாளைத் திருப்பித் தந்தார்.

"இதப் படிச்சா, இருக்கிற வேலையிலயும் உன்ன வச்சிருக்கலாமான்னு தோணுது. நாளைக்குக் காலைல வேற எழுதிட்டு வா. அதப் பாத்து முடிவு பண்றேன்."

இஸ்திரி போடும் அண்ணனிடம் தாளைக் காட்டினேன். பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் படித்தார். சிரிப்பில் தோள் குலுங்கியது.

"ஏன் தங்கச்சி, உன்னையே துவைக்கப் போட்டிருக்கியா?"

அப்போதுதான் உறைத்தது. வருகிற துணியின் குறைகளைச் சீட்டில் எழுதிக் குத்துவது என் வேலை. காலர் கிழிசல், பொத்தான் இல்லை, கைமடிப்பில் மைக்கறை. பிறகு யாரும் எங்கள் மேல் பழி போடக்கூடாதே. துணியின் நல்லதை யாரும் சீட்டில் எழுதுவதில்லை. என்னையும் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்.

மெதுவாகச் செய்வது பொய்யில்லையே என்று வாதாடினேன். அவர் விடவில்லை.

"பொய்னு யாரு சொன்னா? ஒரு 'ஆனா' போட்டு மிச்சத்தையும் சொல்லு. நீ சீட்டு குத்தின துணி என்னைக்காவது சண்டையோட திரும்பி வந்திருக்கா?"

யோசித்துப் பார்த்தேன். வந்ததில்லை.

வகுப்பு முடிந்து வந்து எழுதியது: "நான் மெதுவாகத்தான் துணியைப் பார்ப்பேன், ஆனால் நான் பார்த்த துணிக்காக எந்த வாடிக்கையாளரும் சண்டைக்கு வந்ததில்லை. புதியவர்களிடம் பேசத் தயங்குவேன், ஆனால் அவர்கள் சொல்வதை முழுவதும் கேட்பேன். தொலைபேசியில் திணறுவேன்."

தொலைபேசிக்கு 'ஆனால்' கிடைக்கவில்லை. இருக்கட்டும். ஒரு குறையாவது சீட்டில் இருந்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

நாளை: கடை திறந்ததும், அழுக்குத் துணியைத் தொடுவதற்கு முன், தாளை முதலாளியம்மாவிடம் கொடுக்க வேண்டும்.