சிவப்புச் சீட்டு கட்டிய கதவு

கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்த பிறகு ஒருவன் ஃபோனில் "வேண்டாம்" என்று சொன்னால், அந்த ஃபோனை எடுத்தவளுக்கு அதன் பிறகு மணி அடிக்கும்போதெல்லாம் வயிறு எரியும். பிரசவ வார்டின் தலைமை நர்ஸுக்கு மூன்று வருடமாக எரிந்துகொண்டிருந்தது. சொன்னவன் சொந்த அத்தை மகன். "ஒத்துவராதுன்னு தெரிஞ்சப்புறம் இழுத்துக்கிட்டு இருக்கறது வீண்," என்றான், அவ்வளவுதான். நேரில் வந்து முகத்தைப் பார்த்துச் சொல்ல அவனுக்குத் துப்பில்லை.

அந்த அத்தான்தான் போன வருடம் அவள் மருத்துவமனைக்கே மேம்பாட்டு மேலாளராக வந்து இறங்கினான். லீன் முறையாம். வீணானதைக் கழி, வேலையைத் தினமும் கொஞ்சம் நல்லதாக்கு. உண்மையைச் சொன்னால் முறை நல்ல முறைதான். மருந்து அலமாரியில் கண்ணை மூடிக்கொண்டு கைவைத்தாலும் வேண்டியது கிடைத்தது. ஸ்ட்ரெச்சரைத் தேடி மாடி மாடியாக அலைவது நின்றது. அவளுக்கே அது பிடித்துப்போனது. அவள் எரிச்சலில் பாதி அதுதான்.

மீதிப் பாதி சிவப்புச் சீட்டு. பயன்படாமல் கிடக்கும் எதன் மேலும் யார் வேண்டுமானாலும் சிவப்புச் சீட்டு கட்டலாம். உரியவர் ஒரு வாரக் கெடுவுக்குள் காலைக் கூட்டத்தில் நின்று, அது எதற்குத் தேவை என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் போயே போய்விடும்.

குறைமாதக் குழந்தைகளின் அம்மாக்கள் பால் கொடுக்க வார்டை ஒட்டி ஒரு சின்ன அறை இருந்தது. டாக்டர்கள் ரவுண்ட்ஸ் வரும் நேரம் மட்டும் காலியாகக் கிடக்கும். அந்த நேரமாகப் பார்த்து வந்த அத்தான், யாரையும் கேட்காமல் சீட்டைக் கட்டிவிட்டுப் போனான். அவள் அப்போது அம்மாவின் கண் ஆபரேஷனுக்காக லீவில் இருந்தாள். விஷயம் தெரிந்ததும் பதறியடித்து ஃபோன் செய்தாள்.

"ஃபோன்ல ஏத்துக்க முடியாதும்மா. நேர்ல வந்து சொல்லணும். சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"அம்மா கண்ணுல கட்டோட படுத்திருக்காங்க அத்தான். எப்படி விட்டுட்டு வர்றது?"

"அப்படியா? நான் விசாரிச்சதாச் சொல்லு."

லீவு முடிந்து வந்து பார்த்தால், அந்த அறையில் கண்ணாடி மேஜை, சுழல் நாற்காலி, ஏசி. வாசலில் அவன் பெயர்ப் பலகை. அம்மாக்கள் நடைபாதையில் ஒரு திரைக்குப் பின்னால், யாராவது நடந்து போகும்போதெல்லாம் துணியை இழுத்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அவள் சமயம் பார்த்துக் காத்திருந்தாள்.

மருத்துவமனையின் வெற்றியைப் பற்றிப் பேச அத்தானுக்கு வெளிநாட்டிலிருந்து அழைப்பு வந்தது. பெட்டியோடு அவன் லிஃப்டில் இறங்கிய கையோடு, அவள் போய் அவன் அறைக் கதவின் கைப்பிடியில் சிவப்புச் சீட்டைக் கட்டினாள். தொப்புள்கொடிக்குப் போடுகிற அதே இறுக்கமான முடிச்சு. அம்மாக்களுக்காகத்தான் செய்தாள் என்று சொன்னால் அது பொய்யாகாது. ஆனால் முடிச்சை இழுக்கும்போது அவள் நினைத்தது அவர்களை அல்ல.

தரை துடைக்கும் அக்கா மாப்புக் கட்டையை ஊன்றி நின்றாள். "யாரு ரூம் சிஸ்டர் இது?"

"தெரியலையேக்கா. யாராவது உள்ள உட்கார்ந்து பார்த்திருக்கீங்களா?"

"ஏசி உட்கார்ந்திருக்கும். தினம் பார்க்கறேன்."

போகிற வருகிற எல்லோர் கண்ணிலும் சீட்டு பட்டது. ஒருவரும் அவனிடம் மூச்சு விடவில்லை. பெரிய டாக்டர் மட்டும் காலைக் கூட்டத்தில் கேட்டார்.

"என்ன சிஸ்டர், விளையாட்டா?"

"இல்ல சார். மேனேஜர்னா ரூம்ல உட்காரக் கூடாது, வேலை நடக்கற இடத்துல நிக்கணும்னு அவர்தான் சொல்லிக் குடுத்தாரு. அப்போ ரூம் எதுக்குன்னு அவரே வந்து சொல்லட்டும்."

பெரிய டாக்டர் நடைபாதைத் திரையைப் பார்த்தார். திரைக்கு அந்தப் பக்கம் ஒரு பிஞ்சு சிணுங்கியது. "சரி, கெடு முடியட்டும்," என்றார்.

கெடு முடிகிற நாளில்தான் அத்தானுக்கு எப்படியோ மூக்கு வியர்த்தது. மணி அடித்தது.

"என்னடி பண்ணி வச்சிருக்க? அதைக் கழட்டு முதல்ல. பெரிய டாக்டர்கிட்ட நான் ஃபோன்ல பேசிக்கறேன்."

"ஃபோன்ல ஏத்துக்க முடியாது அத்தான். நேர்ல வந்து சொல்லணும்."

"பழி வாங்கறியா?"

"ஆமா."

மறுப்பாள் என்று நினைத்திருப்பான் போல. அவள் விடவில்லை. 

"கல்யாணத்தை வேணா ஃபோன்ல முடிச்சுக்கலாம் அத்தான். இது ரூமு. ரூமுக்குச் சட்டம் இருக்கு."

ஃபோனை வைத்தபோது, மூன்று வருடத்தில் முதல்முறையாக வயிறு குளிர்ந்தது.

அவன் திரும்பி வந்த அன்று அவள் வேண்டுமென்றே அந்தக் கதவருகில் நின்றாள். சுழல் நாற்காலி ஒதுக்குமூலையில், கால் உடைந்த சலைன் ஸ்டாண்டுகளுக்கு நடுவே கிடந்தது. பெயர்ப் பலகை அதன் மடியில் மல்லாந்திருந்தது. அத்தான் அதையும் பார்த்தான், அவளையும் பார்த்தான். சுற்றிலும் நர்ஸுகள் திடீரென்று ரொம்ப மும்முரமாக வேலை பார்த்தார்கள்.

"நான் இப்போ எங்க உட்கார்றது?" குரல் இறங்கியிருந்தது.

"நில்லுங்க அத்தான்."

உள்ளேயிருந்து ஒரு இளம் அம்மா தலையை நீட்டினாள். "சிஸ்டர், குழந்தை பசிக்கு அழுது. கதவைச் சாத்திக்கட்டுமா?"

"நல்லா சாத்திக்கோம்மா," என்றாள் அவள், அவன் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.