மழைக்கோட்டுப் பயணி

வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த காலையில், அக்கா மழைக்கோட்டு போட்டுக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியே வந்தாள். கண்ணில் கறுப்புக் கண்ணாடி, தலையில் அம்மாவின் சால்வை. இத்தனை வேஷமும், முப்பது வயதுத் தம்பி தனியாக பஸ் ஏறி வேலைக்குப் போவதை ஒளிந்திருந்து பார்ப்பதற்காக.

தம்பிக்கு ஆட்டிசம். மருத்துவமனைத் துணிகள் வெளுக்கும் லாண்டரியில் வேலை. அவன் மடிக்கும் விரிப்புகளில் ஓர் ஓரம்கூடப் பிசகாது. இதுவரை தினமும் அக்காதான் கொண்டுவிட்டாள். "என்னை விட்டா அவனுக்கு யாரு இருக்கா?" என்று சொல்லியே, பெண் கேட்டு வந்தவர்களையெல்லாம் வாசலோடு அனுப்பியவள். கடைசியில், தம்பிக்கு பஸ் பயணம் சொல்லிக்கொடுக்க வந்த பயிற்சியாளரிடமே மனசைப் பறிகொடுத்தாள். அவரிடமும் அதே பல்லவிதான். "அவன் தனியாப் போய்ச் சேரட்டும். அன்னிக்கே கல்யாணத் தேதி குறிச்சுடலாம்."

அதற்கப்புறம் மனுஷர் காட்டிய தொழில் பக்தி கொஞ்சநஞ்சமல்ல. டிரைவருக்குப் பின் சீட்டில் உட்காருவது, மணி அடிப்பது, பஸ் வழி மாறினால் யாரைக் கேட்பது, இரைச்சல் தாங்காவிட்டால் ஹெட்போன் மாட்டுவது எல்லாம் தம்பிக்குத் தண்ணீர் பட்ட பாடு. பேச்சு வராமல் போனால் எடுத்துக் காட்ட, கழுத்தில் ஓர் அட்டையும் தொங்கியது.

"நாளைக்கு நீ கூடப் போகக்கூடாது. பின்னாலயும் போகக்கூடாது. லாண்டரி வாசல்ல நான் நிப்பேன்" என்று முந்தின நாளே கறாராகச் சொல்லிவிட்டார்.

"கல்யாண அவசரத்துல என் தம்பியை நடுரோட்டுல விட்டுடாதீங்க."

"அவசரம் எனக்கு, பயம் உனக்கு. அவன் பாட்டுக்கு ஜாலியாத்தான் இருக்கான்."

காலையில் தம்பி கிளம்பும்போது, "நான் வீட்லயே இருக்கேன்டா கண்ணா" என்று அக்கா வாய் கூசாமல் சொல்லி வழியனுப்பினாள்.

பஸ் வந்தது. தம்பி முன்வாசலில் ஏறி, மிஷினில் டிக்கெட் எடுத்து, தன் சீட்டில் உட்கார்ந்தான். அக்கா பின்வாசலில் தொற்றிக்கொண்டாள். டிக்கெட் மிஷினோ தம்பியின் முழங்கைக்குப் பக்கத்தில். அங்கே போனால் குட்டு வெளிப்பட்டுவிடும். டிக்கெட் எடுக்காமலே கூட்டத்துக்குள் ஒண்டிக்கொண்டாள்.

பாதி வழியில் சாலையை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் பழக்கமில்லாத தெருவுக்குள் திரும்பியது. அக்கா கூட்டத்துக்கு மேலே எக்கிப் பார்த்தாள். போச்சு, இப்போது காதைப் பொத்திக்கொண்டு கத்தப்போகிறான்!

தம்பி டிரைவர் பக்கம் சாய்ந்தான். "லாண்டரி ஸ்டாப் வருமா?"

"சுத்திக்கிட்டுப் போகும். உக்காருப்பா, வந்ததும் சொல்றேன்."

உட்கார்ந்துவிட்டான். அவ்வளவுதான். அக்காவுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்ததென்னவோ கோபம். ஒரு தடவையாவது அவன் அவளைத் தேடித் திரும்பிப் பார்த்திருக்கலாம்.

அடுத்த நிறுத்தத்தில் டிக்கெட் பரிசோதகர் ஏறினார்.

"டிக்கெட் எங்கம்மா?"

"அது வந்து... முன்னால போக முடியல..."

"மழைக்கோட்டு போட்டா டிக்கெட் வேணாமா? முதல்ல கண்ணாடியைக் கழட்டுங்க."

யாரோ சிரித்தார்கள். அக்காவுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அப்போது பக்கத்தில் வந்து நின்றான் தம்பி. அவன் யார் முகத்தையும் பார்ப்பவனல்ல. கால்களைத்தான் பார்ப்பான். தலை முதல் எல்லாவற்றையும் மாற்றிக்கொண்ட அக்கா, செருப்பை மாற்ற மறந்திருந்தாள்.

"இது எங்க அக்கா. வீட்ல இருக்கேன்னு சொன்னா. ஆனா இங்க இருக்கா. வழி தவறிட்டா."

சொல்லிவிட்டுக் கழுத்து அட்டையைக் கழற்றி அக்காவின் கழுத்தில் மாட்டினான். பரிசோதகர் குனிந்து வாய்விட்டுப் படித்தார்.

"'எனக்குக் கூட்டத்தில் பதற்றம் வரும். தொடாதீர்கள். மெதுவாகப் பேசுங்கள். உதவிக்கு இந்த எண்ணைக் கூப்பிடுங்கள்.'" அவர் குரல் அப்படியே இளகிவிட்டது. "பயப்படாதீங்கம்மா. வீட்டு ஆளுங்களைக் கூப்பிடறேன்."

அவர் எண்ணை அழுத்தினார். மழைக்கோட்டுப் பைக்குள் போன் அலறியது.

"எடு அக்கா" என்றான் தம்பி. "அதுலதான் உதவி வரும்."

"லாண்டரி ஸ்டாப்!" என்று டிரைவர் குரல் கொடுத்தார். தம்பி மணியை அடித்துவிட்டு இறங்கிப் போனான். பின்னாலேயே ஓடப் பார்த்த அக்காவைப் பரிசோதகர் தொடாமல், மெதுவாகப் பேசித் தடுத்தார்.

"நீங்க இருங்கம்மா. இந்த நிலைமைல தனியா இறங்கக் கூடாது."

கடைசி நிறுத்தத்து பெஞ்சில் அவர் காவலில் உட்கார்ந்திருந்தபோது பயிற்சியாளர் அழைத்தார்.

"அவன் வந்து சேர்ந்துட்டான். 'அக்கா பஸ்ல மாட்டிக்கிட்டா, போய்க் கூட்டிட்டு வாங்க'ன்னு என்னை விரட்டறான். எங்க இருக்க?"

"தெரியல" என்றாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"சரி, இருக்கற இடத்தைவிட்டு நகராத. தெரியாதவங்ககூடப் போகாத."

"பாடமெல்லாம் அப்புறம். வரும்போது ஒரு காலண்டர் எடுத்துட்டு வாங்க. தேதி குறிக்கணும்."

மறுமுனையில் சத்தமே இல்லை.

"என்ன, பேச்சு வரலையா?" அக்கா கழுத்து அட்டையைத் தடவிக்கொண்டாள். "என்கிட்ட ஒரு அட்டை இருக்கு, தரட்டுமா?"