உள்ளே வைத்த பொட்டு

தாம்பரத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கும் அப்துல் கஃபாரின் மகள் கைனாத், கல்லூரி ஆய்வகத்தில் ஒரு பீங்கான் வில்லையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். வில்லையை இரண்டு தகடுகளுக்கு நடுவே வைத்து மூடி, திரவ நைட்ரஜன் ஊற்றிக் குளிர்விப்பாள். தகடுகளுக்கு மின்னழுத்தம் கொடுத்தால் நடுவே மின்புலம் உண்டாகும். வில்லைக்குள் இருக்கும் அணுக்கள் அந்தப் பக்கம் லேசாகச் சாயும். கடுங்குளிரில் எந்த இடத்தில் அவற்றுக்கு மனசு மாறுகிறது என்பதுதான் அவள் தேடியது. மாறினால்தானே. வரைபடக் கோடு வருடக்கணக்கில் தண்டவாளம் மாதிரி நேராகவே போனது. இப்படியும் ஒரு படிப்பா என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், அம்மா சாஜிதா கேட்பதையே விட்டுவிட்டாள்.

ஆயுதபூஜை விடுமுறை முடிந்து வந்து ஓட்டியபோது கோட்டில் ஒரு மேடு எழுந்தது. மின்னழுத்தத்தைக் கூட்டினால் மேடும் வளர்ந்தது. பாராட்டு என்றால் கைக்காசைச் செலவழிப்பதுபோல் யோசிக்கும் பேராசிரியர் ஜெயகிருஷ்ணன், அதற்குக் 'கைனாத் மேடு' என்று பெயரே வைத்துவிட்டார். கட்டுரையும் எழுதியாயிற்று. அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

அதற்கு முன், சம்பிரதாயத்துக்காக, வில்லை இல்லாமல் வெறும் தகடுகளை மட்டும் குளிர்வித்து அளந்தாள். வெளியே நல்ல மழை. கோடு வந்தது. மேடும் வந்தது. வில்லையே இல்லாத இடத்தில் வில்லையின் மேடு.

கருவியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தாள். தகடுகளுக்குப் போகும் இரண்டு கம்பிகளுக்கு நடுவே ஒரு சந்தனப் பொட்டு, அதன் மேல் குங்குமம். மழைக்காற்றின் ஈரத்தை அது குடித்து வைத்திருந்தது. அந்த ஈரம்தான் மின்புலத்துக்கு ஆடியிருக்கிறது, குளிர் ஏறியதும் உறைந்து அடங்கியிருக்கிறது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான்.

ஆய்வகத்தைக் கூட்டித் துடைக்கும் தனக்கோடி அப்போதுதான் துடைப்பத்தோடு வந்தாள்.

"இன்னா பாப்பா, மூஞ்சி இப்டி கீது?"

கைனாத் டார்ச்சை அந்தப் பொட்டின் மேல் காட்டினாள்.

"நான்தான் வெச்சேன்," என்றாள் தனக்கோடி சந்தோஷமாக. "அன்னிக்கி நீ தனியா குந்திகினு அழுதியே. ஆயுதபூசைக்கி மத்த மிஷினுக்கெல்லாம் பொட்டு வெளிய வெச்சேன். உன்துக்கு மட்டும் நீ அந்த வில்லைய வெக்கிற எடத்தாண்டயே வெச்சேன். அப்பறம் நல்லாத்தான ஓடிச்சி?"

கைனாத் வந்த கோபத்தை அடக்கிக்கொண்டாள். அந்த மேட்டைப் பார்த்து இவள் குதித்த குதியில் தனக்கோடியும் கூடச் சிரித்தவள். போன வருடம், கூட்டும்போது பம்பின் பிளக்கைப் பிடுங்கிய ஒரு பெண்ணை ஜெயகிருஷ்ணன் மறுநாளே கணக்கு முடித்து அனுப்பினார். ஒப்பந்த வேலைக்கு ஏன், எதற்கு என்ற கேள்வியெல்லாம் கிடையாது. முடிச்சூரில் தனக்கோடியின் வீட்டில் அடுப்பு எரிவது இந்தத் துடைப்பத்தால்தான்.

"அக்கா, இத நீங்க வெச்சீங்கன்னு யார்கிட்டயும் சொல்லாதீங்க."

தனக்கோடியின் முகம் அப்போதுதான் மாறியது. ஏதோ கேட்க வாயெடுத்தாள். அதற்குள் ஜெயகிருஷ்ணன் குடையை உதறிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். தனக்கோடி மூலைக்குப் போய்க் கூட்டத் தொடங்கினாள்.

"அனுப்பிட்டியாம்மா?"

"இல்ல சார். அந்த மேடு தப்பு சார். வில்லையே இல்லாம வருது."

அவர் கோட்டைப் பார்த்தார். டார்ச்சை வாங்கிக்கொண்டு குனிந்து உள்ளே பார்த்தார்.

"யார் வெச்சது இத?"

மூலையில் துடைப்பத்தின் சத்தம் நின்றது.

"நான்தான் சார்," என்றாள் கைனாத்.

ஜெயகிருஷ்ணன் நிமிர்ந்தார். அவள் தலையில் இருந்த முக்காட்டைப் பார்த்தார். சந்தனத்தையும் குங்குமத்தையும் மறுபடி பார்த்தார். பிறகு மூலைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, டார்ச்சை அணைத்து மேசைமேல் வைத்தார்.

"அடுத்த வருஷம் வெளிய வைம்மா," என்றார். "ஸ்பிரிட் போட்டுத் துடைச்சிட்டு முதல்லேர்ந்து ஓட்டு."

அவர் போன பிறகு கைனாத் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்தாள். தனக்கோடி பக்கத்தில் வந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னா பாப்பா நீ, இம்மாம் படிச்சிக்கிற, ஒரு பொய்கூட ஒயுங்கா சொல்லத் தெரில உனக்கு."