எர்மெலிந்தா வீட்டுச் சாக்கடை

ஒலிவக்காய் பறிக்க ஏறிய ஏணியிலிருந்து விழுந்து ஒராத்சியோ இடுப்பை உடைத்துக்கொண்ட அன்றுகூட அவர் மனைவி எர்மெலிந்தா அழவில்லை. அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்த பிறகு மருத்துவர் தனியாகக் கூப்பிட்டு ஒன்று சொன்னார். அதற்குத்தான் அழுதாள்.

"இனிமே அவர் மாடிப்படி ஏறக்கூடாதும்மா."

தென் இத்தாலியில் பெனவெந்தோவின் பழைய தெருக்களில் வீடு என்றாலே படிதான். ஒரு அறை, அதன் தலைமேல் ஒரு அறை, அதன் தலைமேல் இன்னொன்று. எர்மெலிந்தா வீட்டில் சமையல் நடுமாடியில், படுக்கையும் கழிப்பறையும் உச்சிமாடியில். தரைத்தளத்தில் விறகும் ஒயின் பீப்பாயும் காற்றிறங்கிய மிதிவண்டியும் குடியிருந்தன.

"கீழேயே கழிப்பறை இருக்கணும். இல்லேன்னா ஊருக்கு வெளிய முதியோர் இல்லத்துல ஒரு இடம் கேட்டு வைக்கிறேன்" என்றார் மருத்துவர்.

அந்த இல்லத்துக்கு ஒராத்சியோவின் சீட்டாட்டக் கூட்டாளி சாபாத்தோ, கால் தேறும்வரைக்கும்தான் என்று போனவர். திரும்பி வந்தது சவப்பெட்டியில். மருத்துவர் சொன்ன அன்று மாலை கட்டிலில் கிடந்த ஒராத்சியோ மனைவியின் விரல்நுனியைப் பிடித்துக்கொண்டார். வாழ்நாள் முழுக்கப் பெரிய குரலில் பேசியே பழகிய மனிதருக்கு முணுமுணுப்புதான் வந்தது.

"அங்க மட்டும் அனுப்பிடாத, லிந்தா."

"யாரு அனுப்பறது? நீங்க வீட்டுக்கு வர்றப்ப கீழ கட்டில் இருக்கும், கழிப்பறையும் இருக்கும். வெள்ளை ஓடு போட்டு, பிடிச்சிக்க கம்பி வெச்சு. பேசாம தூங்குங்க" என்றாள் எர்மெலிந்தா.

வாய் சொல்லிவிட்டது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் அனுப்பிவிடுவோம் என்று மருத்துவமனையும் சொல்லிவிட்டது. நடுவில் இருந்தது கொஞ்ச நாள்தான்.

ஒராத்சியோவின் தம்பி மொதெஸ்தினோ கொத்தனார். அந்தப் பெயருக்கு அடக்கமானவன் என்று பொருள். ஞானஸ்நானம் கொடுத்த பாதிரியார் அவன் அழுகுரலைக் கேட்ட பிறகும் எப்படி அந்தப் பெயரை வைத்தார் என்று தெருவே வியந்துகொண்டிருந்தது. மறுநாளே கடப்பாரையும் கூடையுமாக வந்து இறங்கினான். விறகை ஒதுக்கினான், பீப்பாயை உருட்டினான், தரைக்கல்லைப் பெயர்த்துக் குழாய்க்குப் பள்ளம் தோண்டத் தொடங்கினான்.

முழங்கால் ஆழம் போனதும் கடப்பாரை 'ணங்' என்றது. அடுத்த குத்துக்குச் சத்தமே இல்லை. கடப்பாரை பாதி உள்ளே போய்விட்டது. அந்த ஓட்டையிலிருந்து குளிர்ந்த காற்று ஒன்று புறப்பட்டு மொதெஸ்தினோவின் முகத்தில் அடித்தது.

அவன் மண்டியிட்டு மண்ணைக் கையால் விலக்கினான். தட்டையான செங்கற்கள், ஒன்றோடொன்று தோள்கொடுத்து வளைந்து நின்ற ஒரு வளைவு. அவனும் பக்கத்தில் நின்ற எர்மெலிந்தாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மொதெஸ்தினோ எழுந்து போய்த் தெருக்கதவைச் சாத்தினான்.

"அண்ணி, நீங்க ஒண்ணும் பாக்கல. நானும் பாக்கல."

"ரோமருங்களா?"

"மெல்லப் பேசுங்க! செத்து மண்ணாப் போயும் நம்மள விட மாட்டேங்கிறானுங்க."

பெனவெந்தோவில் வீட்டைத் தோண்டினால் யாராவது பழங்காலத்து ஆள் எட்டிப் பார்ப்பான் என்பது பிறந்த குழந்தைக்கும் தெரியும். அதைத் தொல்பொருள் அலுவலகத்துக்குச் சொன்னால் என்ன ஆகும் என்பதும் தெரியும். தெருக்கோடி முடிதிருத்துபவர் நல்ல பிள்ளையாகப் போய்ச் சொன்னார். அவர் கடைத் தரைக்கடியில் மீனும் வாத்துமாகக் கல்பதித்த சித்திரம். வந்தார்கள், வியந்தார்கள், நீல தார்ப்பாய் போட்டு மூடிவிட்டுப் போனார்கள். அந்தத் தார்ப்பாய்க்கடியில் இப்போது பூனைகள் தலைமுறை தலைமுறையாகக் குட்டி போடுகின்றன. முடிதிருத்துபவர் மச்சான் வீட்டுச் சமையலறையில் நாற்காலி போட்டு முடி வெட்டிக்கொண்டிருக்கிறார்.

"கான்கிரீட்ட கலக்கி ஊத்திடறேன். ஒரே தள்ளுவண்டி. மேல தரைய போட்டுட்டு, குழாய அந்தப் பக்கமா திருப்பிடலாம்" என்றான் மொதெஸ்தினோ.

"தப்பில்லையா?"

"தப்புதான். அண்ணன் சாபாத்தோ மாதிரி போறது மட்டும் சரியா?"

எர்மெலிந்தா படியில் உட்கார்ந்தாள். செங்கல்லைப் பார்த்தால் பயமாக இருந்தது. கண்ணை மூடினால் கட்டிலில் கிடந்த முகம் தெரிந்தது. கடைசியில் "கலக்கு" என்றாள்.

அதற்குள் எதிர்வீட்டு பிரிஜிதா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். பகலில் அந்தத் தெருவில் யார் கதவையாவது சாத்தினால் ஒன்று சாவு, இல்லை புதையல் என்பது அவள் கணக்கு. பள்ளத்தை எட்டிப் பார்த்தாள்.

"அட, இவ்வளவுதானா! நான் ஏதோ நகை கிடைச்சிருக்குன்னு ஓடி வந்தேன். மூடித் தொலைங்கக்கா. எங்க வீட்டுலயும் ஒருத்தி இருக்கா, மூக்கில்லாத பளிங்குத் தலை. கத்தரிக்காய எண்ணெயில ஊறப் போட்டா அவளைத்தான் பாரமா வெக்கிறேன். ஒரு நாளும் குறை சொன்னதில்ல."

சொல்லிவிட்டு, "ஐயோ, அடுப்புல தண்ணி!" என்று ஓடிப் போனாள். மதியச் சாப்பாட்டு நேரம்.

மொதெஸ்தினோ வண்டி நிறையக் கான்கிரீட்டைக் கலந்து பள்ளத்தின் விளிம்புக்குத் தள்ளி வந்தான். கைப்பிடியைத் தூக்கினான். அப்போது கீழேயிருந்து 'குபுகுபு'வென்று ஒரு சத்தம் வந்தது.

"நிறுத்து!" என்று கத்தினாள் எர்மெலிந்தா.

செங்கல் வளைவுக்கு உள்ளேயிருந்து ஆவி கிளம்பியது. வெள்ளை ஆவி. மாவு வெந்த வாசனை. இருவரும் குனிந்து பார்த்தார்கள். கலங்கிய சுடுதண்ணீர் சலசலவென்று ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொரு அலை. அதன் பின்னால் இன்னொன்று. கடைசி அலையில் வெந்த பாஸ்தா ஒன்று, வாலை ஆட்டிக்கொண்டு போகிற மீன் போல, நிதானமாகக் கடந்து போயிற்று.

தெருவே பாஸ்தா வடிக்கிற நேரம் அது. ஒவ்வொரு வீட்டுத் தொட்டியிலிருந்தும் வடித்த தண்ணீர் இந்த வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

மொதெஸ்தினோ கைப்பிடியை மெல்ல இறக்கினான். முகம் அவன் கலந்த கான்கிரீட்டின் நிறத்துக்கு வந்திருந்தது.

"எல்லாம் நகராட்சிக் குழாய்க்குப் போகுதுன்னுல்ல நெனச்சிட்டிருந்தோம்…"

"இதை நீ ஊத்தியிருந்தா?"

"தெரு முழுக்க எல்லார் வீட்டுக் கழிப்பறையும் பொங்கியிருக்கும், அண்ணி. முதல்ல பிரிஜிதா வீட்டுல."

"அவ நம்மள உயிரோட விட்டிருப்பாளா?"

சிரிப்பு வந்தது, அடக்கினாள். மூடவும் முடியாது, மறைக்கவும் முடியாது. இதன் பக்கத்தில் ஒரு குழாய் போடுவதானால்கூட இது எங்கே போகிறது, எதைத் தாங்கும் என்று தெரிந்த ஆள் வேண்டும். எர்மெலிந்தா முகத்தைக் கழுவிக்கொண்டு, தொல்பொருள் அலுவலகத்துக்கு அவளே தொலைபேசியில் பேசினாள். பேசி முடித்தபோது, தன் கையாலேயே கணவரை அந்த இல்லத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டது போல இருந்தது.

மறுநாள் காலையில் அந்தத் தெருவைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். அலுவலகத்திலிருந்து ஆள் வருகிறது என்றதும் ஒரு வாசலில் கிடந்த பழைய தூண் துண்டின்மேல் மெத்தை காய்ந்தது. சுவரில் பதிந்திருந்த எழுத்துக் கல்லின் முன்னால் திடீரென்று ஒரு பூச்செடி வளர்ந்திருந்தது. பிரிஜிதா தன் பளிங்குப் பெண்ணுக்கு முக்காடு போட்டுத் தொட்டிலில் கிடத்திவிட்டாள்.

வந்தவள் இளம்பெண். ஸ்கார்பா என்று பெயர். சேறு படிந்த காலணி, வெனிஸ் பக்கத்துப் பேச்சு.

"வடக்கத்திக்காரி. சிரிக்கவே மாட்டா பாருங்க" என்று பிரிஜிதா காதைக் கடித்தாள்.

ஆபீசரம்மா யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. தரையில் குப்புறப் படுத்து, டார்ச் விளக்கோடு தலையைப் பள்ளத்துக்குள் விட்டாள். நெடுநேரம் அசைவில்லை. எர்மெலிந்தா மனத்துக்குள் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே நின்றாள். திடீரென்று பள்ளத்துக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

"வாங்கம்மா, இங்க வந்து படுங்க. இதை நீங்க பாக்கணும்."

எர்மெலிந்தா படுத்தாள். முட்டி வலித்தது. விளக்கு வெளிச்சம் அடியிலிருந்து மெல்ல மேலே ஏறியது.

"கீழ பாறையில ஒரு வாய்க்கால் தெரியுதா? ரோமருக்கு முந்தி இங்க இருந்த சாம்னியருங்க வெட்டினதா இருக்கலாம். சத்தியம் பண்ண மாட்டேன். அதுமேல இந்த வளைவு, ரோமர். அப்புறம் பாருங்க, ஒரு பக்கம் இடிஞ்சிருக்கு. அதை யாரோ கல்லறைப் பலகைய வெச்சு அடைச்சிருக்காங்க. லொம்பார்தியர் காலம். வடக்கேருந்து குதிரையில வந்து ஊரப் பிடிச்சவங்க."

"அவங்களா சாக்கடையச் சரி பண்ணினாங்க?"

"ஊரப் பிடிச்சா சாக்கடையும் சேத்துத்தானே வரும்? உங்க பேரே அவங்க கொண்டாந்த பேருதான், எர்மெலிந்தா. இந்த மண்குழாய் போப்பாண்டவர் இந்த ஊர ஆண்ட காலத்துது. இந்த வார்ப்பிரும்பு, இத்தாலின்னு ஒரு நாடு ஆனப்புறம். இது என்ன தெரியுதா, தகரம்? அமெரிக்கக்காரனோட பெட்ரோல் டின். போர்ல குண்டு போட்டு ஊர இடிச்சதும் அவன்தான். அவன் டின்ன வெட்டியே யாரோ ஒட்டும் போட்டிருக்காங்க. மேல இந்த சிமெண்டு?"

மொதெஸ்தினோ தொப்பியைக் கழற்றினான். "எங்கப்பா. எண்பதுல நிலநடுக்கம் வந்தப்புறம் அவரும் அண்ணனும் பூசினாங்க. ரெண்டு நாள் கதவச் சாத்திக்கிட்டு வேல பாத்தாங்க. என்னை உள்ளயே விடல."

"அப்ப அவருக்குத் தெரியுமா!" என்று எர்மெலிந்தா தலையைத் தூக்கினாள். தூக்கிய வேகத்தில் தரைவிளிம்பில் இடித்துக்கொண்டாள். "இத்தனை வருஷம் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல, பாரேன்!"

பிறகு அடக்க முடியாமல், கேட்கவேண்டியதைக் கேட்டுவிட்டாள்.

"ஆபீசரம்மா, மூடி முத்திரை வெச்சிடுவீங்களா? எங்க வீட்டுக்காரர் கிறிஸ்துமஸுக்கு வர்றாரு. அவரால படி ஏற முடியாது. கீழ கழிப்பறை இல்லேன்னா அவரை…"

ஆபீசரம்மா எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டாள். கைப்பேசியில் மேலதிகாரியைக் கூப்பிட்டுப் பார்த்ததையெல்லாம் விவரமாகச் சொன்னாள். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கிழட்டுக் குரல், அறையில் எல்லாருக்கும் கேட்கும்படி, ஒன்றே ஒன்று கேட்டது.

"ஓடுதா?"

"ஓடுது சார்."

"ஓடுறத நிறுத்த நான் யாரு? தெரு முழுக்க மலச்சட்டியத் தூக்கிட்டு என் மேசைக்கு வரவா? படம் வரைஞ்சுக்கோ, போட்டோ எடுத்துக்கோ. செங்கல்லு மேல கை வெக்காம அவங்க குழாய அந்த இரும்புல சேத்துக்கட்டும். அனுமதிக் கடுதாசி இன்னைக்கே அனுப்பறேன்."

எர்மெலிந்தா விறகுக் குவியலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் கண்ணீர் வந்தது. அந்த வடக்கத்திக்காரி பக்கத்தில் உட்கார்ந்து தன் கைக்குட்டையை நீட்டினாள். அதில் மண்தான் நிறைய இருந்தது. எர்மெலிந்தா அதிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிரிஜிதா போய் எல்லாருக்கும் காப்பி போட்டு வந்தாள்.

மொதெஸ்தினோ வாழ்நாளில் அவ்வளவு பதவிசாக வேலை செய்ததில்லை. கடப்பாரையை மூலையில் சாத்திவிட்டுக் கரண்டியால் மண்ணை எடுத்தான். வெள்ளை ஓடு பதித்தான், சுவரில் கம்பி வைத்தான், கதவு மட்டும் கொஞ்சம் கோணலாகப் போயிற்று. ஆஸ்பத்திரி வண்டி தெருவில் நுழையாததால், ஒராத்சியோவை நாற்காலியில் வைத்து நாலு பேர் தூக்கி வந்தார்கள். அன்று வேலை இல்லாதவர்கள் எல்லாரும் பின்னால் வந்தார்கள், வேலை இருந்தவர்களும் வந்தார்கள்.

அவர் யாரையும் பார்க்கவில்லை. நடைச்சட்டத்தை ஊன்றி ஊன்றி நேரே அந்தக் கதவுக்குப் போனார். கதவு சாத்திக்கொண்டது. வெளியே பிரிஜிதா, மொதெஸ்தினோ, முடிதிருத்துபவர், அவர் மச்சான், எல்லாரும் மூச்சை அடக்கி நின்றார்கள். எர்மெலிந்தா கதவுக்கு மிக அருகில் நின்றாள். உள்ளே சங்கிலி இழுபட்டது. தண்ணீர் 'ஹோ'வென்று இறங்கி, தரைக்கடியில் திரும்பி, தெருவுக்குக் கீழே தூரமாகப் போய்க்கொண்டே இருந்தது. எங்கும் நிற்கவில்லை.

யாரோ கை தட்டினார்கள்.

"என்னடா அங்க கூட்டம்?" உள்ளேயிருந்து பழைய பெரிய குரல் அதட்டியது. "ஒரு மனுசன நிம்மதியா உக்கார விடமாட்டீங்களா? லிந்தா, எல்லாரையும் போகச் சொல்லு!"

"நான் போகமாட்டேன்" என்றாள் எர்மெலிந்தா. சுவரில் சாய்ந்துகொண்டு, சத்தம் வராமல், வயிறு குலுங்கச் சிரித்தாள்.