குளிக்க வந்த கொள்ளிவாய், பாகம் இரண்டு

1

இந்தக் கதை எனக்குத் தென்காசியில் ஒரு சுவரில் கிடைத்தது. ‘குளிக்க வந்த கொள்ளிவாய் – 2, விரைவில்’ என்றது பேய்ப்படச் சுவரொட்டி. பக்கத்திலேயே வேறொரு கம்பெனியின் ‘குளிச்சு முடிச்ச கொள்ளிவாய் – 5’. (அதற்கு முதல் நான்கு பாகங்கள் கிடையாது. விசாரித்துவிட்டேன்.) சிரித்துக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். அந்தப் படத்தால் அடிபட்ட லாட்ஜ்காரர் சிவனணைந்தபெருமாளைப் பற்றிக் கேள்விப்பட்ட பிறகு சிரிப்பு குறைந்துவிட்டது.

2

‘சாரல் விழும் மாலையில், பாழடைந்த அந்த விடுதியில்…’

வேண்டாம். விடுதி பாழடையவில்லை. குற்றாலத்தில் பெருமாள் நடத்தும் லாட்ஜ் அது. வெந்நீர் உண்டு, சுவரெல்லாம் புது வெள்ளை. விளம்பரமாக இருக்கட்டும் என்று முதல் பாகத்தின் படப்பிடிப்புக்குக் கொடுத்தார். பேய் ஆளை விழுங்கும் காட்சியில் லாட்ஜின் பெயர்ப்பலகை பளிச்சென்று தெரிந்தது. அடுத்த சீசனில் அருவியில் தண்ணீர் கொட்டியது, லாட்ஜில் ஆளில்லை. வாசல்வரை வந்த குடும்பங்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு திரும்பிப் போயின.

3

பெருமாள், இயக்குநர் விஜயசங்கரிடம் போனார்.

“தம்பி, ரெண்டாம் பாகத்துல பேய் எங்க லாட்ஜ விட்டுப் போயிரணும்.”

“போவும் அண்ணாச்சி. எங்கன போவுதுன்னு காட்டணும்லா? எதிர்த்தாப்புல ஜாஹிரா அக்கா லாட்ஜுக்கு அனுப்பிருவமா? ரோட்டுல நின்னே எடுத்துக்கிடுதேன்.”

[இந்த இடத்தில் பெருமாள் கோபமாக மறுத்தார் என்று எழுதி, அடித்துவிட்டேன். அவர் மறுக்கவில்லை. “நாளைக்குச் சொல்லுதேன்” என்றார்.]

4

முதல் வரைவில் அவர் மனைவி இராமலட்சுமியை அழவைத்திருந்தேன். பொருந்தவில்லை. அவள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்:

“அந்த அக்கா ஒத்தையில நடத்துதாவ. அவுக பொழப்புல மண்ணப் போடவா?”

“அப்பப் பேய் எங்கனதான் போவும்?”

“இங்க வரட்டும். நம்ம வீட்டுக்கு யாரு ரூம் கேட்டு வரப்போறா?”

பெருமாளுக்கு வெட்கமாக இருந்தது. (எவ்வளவு என்று அவர் சொல்லவில்லை, நானும் கூட்டி எழுதவில்லை.)

5

மறுநாளே விஜயசங்கரிடம் சொல்லிவிட்டார். அப்படித்தான் கொள்ளிவாய் ஆய்க்குடியில் அவர்கள் வீட்டுக்கு வந்தது. கதவைத் திறக்க வேண்டிய நடிகை வராததால் இராமலட்சுமியையே நிறுத்தினார்கள். திறக்க வேண்டும், அலற வேண்டும். அவ்வளவுதான்.

திறந்தாள். பேயாக நடிக்கும் நிர்மலாதேவி, காலையிலிருந்து நனைந்த சேலையோடு, மலைக்காற்றில் நடுங்கிக்கொண்டு நின்றாள்.

“ஏட்டி, இப்படியா நிப்ப? உள்ள வா, மொதல்ல தலையத் துவட்டு.”

அவளைக் கையைப் பிடித்து இழுத்தாள். பேய் அழுதுவிட்டது. விஜயசங்கர் ‘கட்’ சொல்லவில்லை. கேமராவுக்குப் பின்னால் நின்ற பெருமாள், பலமுறை தாண்டிப் போன தன் வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். படம் அங்கேயே முடியட்டும் என்று விஜயசங்கர் சொல்லிவிட்டான்.

6

என் கதை அங்கே முடியவில்லை. படம் ஓடி, லாட்ஜ் நிரம்புவதாக ஒரு முடிவு எழுதி, அடித்தேன். இன்னொரு முடிவில், பெருமாள் லாட்ஜைப் பூட்டிவிட்டு, வேறு வேலைக்கு…

அதையும் விட்டுவிட்டேன். படம் இன்னும் வெளிவரவில்லை. சீசன் வந்துவிட்டது. பெருமாள் லாட்ஜ் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் குடும்பத்தோடு, கையில் பைகளோடு, அந்தத் தெருவில் வருகிறீர்கள். அவர் எழுந்து நிற்கிறார். இதற்குமேல் நான் எழுதினால் அது என் ஆசையாகத்தான் இருக்கும். பேச வேண்டியது நீங்கள்.