நிறுத்திய வண்டியில் சூடு

காலையில் சாவியைத் திருப்பினால் கார் டிக் டிக் என்றதோடு சரி. கார்க்காரர் மறுபடியும் திருப்பிப் பார்த்தார், அதே டிக் டிக். இதே கோளாறுக்காகத்தான் போன வாரம் மச்சினனை, மனைவியின் ஒரே தம்பியை, டாக்ஸி ஸ்டாண்டில் அத்தனை பேர் பார்க்கச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு விரட்டியிருந்தார். ராத்திரி சவாரி அவனுடையது, பகல் இவருடையது.

"லைட்டைப் போட்டுக்கிட்டு உள்ளேயே தூங்குறான். பேட்டரி எப்படித் தாங்கும்?" என்று அன்று ஸ்டாண்டில் கத்தினார்.

"அக்கா மேல சத்தியமா அணைச்சுட்டுத்தான் வந்தேன் மாமா" என்றான் அவன். சத்தியம் வேறயா என்று அதற்கும் ஓர் அறை விழுந்தது. அன்றிலிருந்து மனைவி சோறு வைப்பாள், பேச மாட்டாள். நேற்று வண்டியை நிறுத்தியது, அணைத்தது, பூட்டியது எல்லாம் இவரேதான். இப்போது யாரைப் போய்த் திட்டுவது?

வீட்டு வாசலுக்கு வந்த எலக்ட்ரீஷியன், தான் கொண்டுவந்த பேட்டரியை மாட்டினார். ஸ்டார்ட் பண்ணாமல் ஊர்க்கதை பேசிக்கொண்டு நின்றார். அப்புறம் இவர் கையைப் பிடித்து பானெட்டுக்குள் வைத்தார். எஞ்சின் சில்லென்று கிடந்தது. பக்கத்திலிருந்த ஆல்டர்நேட்டர் மட்டும் காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி சுட்டது.

"ஓடுறப்போ பேட்டரிக்கு சார்ஜ் ஏத்துறது இதுதாண்ணே. உள்ளே, கரண்ட் திரும்பி வராம தடுக்கிற டயோடு போயிடுச்சு. நிறுத்தினதும் ஏத்தினதை எல்லாம் இதுவே குடிச்சிடுது. வேற யார் வண்டிக்காவது உங்க பேட்டரியிலேர்ந்து வயர் போட்டு கரண்ட் குடுத்தீங்களா? பிளஸ், மைனஸ் மாத்திக் குடுத்தா இப்படித்தான் ஆகும்."

கொடுத்திருந்தார். மச்சினனை விரட்டுவதற்குச் சில நாள் முன்பு, ஸ்டாண்டில் இன்னொருவர் வண்டி நின்றுபோன அன்று, தானே பெரிய கில்லாடி மாதிரி வயரை எடுத்தது இவர்தான். "மாமா, சிவப்பு அங்க இல்ல" என்று மச்சினன் தடுத்தான். "எனக்கே பாடம் எடுக்கிறியா? தள்ளுடா!" படீரென்று பொறி பறந்தது. ஸ்டாண்டே சிரித்தது, அவன் சிரிக்கவில்லை. அதற்கப்புறம் அதைப் பற்றி அவன் வாயே திறக்கவில்லை, அறை வாங்கியபோதுகூட. அட பாவி, ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று அவன் மேலேயே இவருக்கு எரிச்சல் வந்தது. கூடவே வெட்கம் பிடுங்கித் தின்றது.

"யார் பண்ணின வேலை?" என்றார் எலக்ட்ரீஷியன்.

"தெரியல."

வாசலில் மனைவி நின்றாள். ஒரு வாரம் கழித்து அவரிடம் பேசினாள்.

"சாயங்காலம் தம்பி பஸ் ஏறுறான். வேற ஊர்ல லாரி ஓட்டப் போறானாம். அவன் மேல தப்பில்லன்னு அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லட்டுமா?"

எலக்ட்ரீஷியன் வாயெடுத்தார். கார்க்காரர் முந்திக்கொண்டார்.

"இது இப்போ போனது. லைட்டு அப்போ எரிஞ்சதுதான்."

எலக்ட்ரீஷியன் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு ஸ்பேனரைத் தேடக் குனிந்துகொண்டார். தம்பியைக் கூப்பிட எடுத்த போனை மனைவி இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

"இதைக் கொஞ்சம் பிடிங்க" என்று எலக்ட்ரீஷியன் ஆல்டர்நேட்டரைக் கழற்றி நீட்டினார். கார்க்காரர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வயரெல்லாம் கழற்றிய பிறகும் அது சுட்டுக்கொண்டிருந்தது. கீழே வைக்கத் தோன்றாமல், சாத்திய கதவைப் பார்த்தபடி, அதை ஏந்திக்கொண்டே நின்றார்.