லாபக்காய்

காங்கேயத்துக்குத் தெற்கே, ஆரோக்கியதாஸ் வீட்டு வாசலில் நிற்கும் ஒற்றைத் தென்னை, கொரோனாவுக்கு அடுத்த வருடத்திலிருந்து மாதம் ஒரு லாரி காய் காய்த்துவருகிறது. காலையில் குலையை வெட்டினால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் அடுத்த குலை முற்றி நிற்கும். மரமேறும் ஆறுச்சாமி முதல் வாரம் வியந்தார். இரண்டாம் வாரம் கூலியை உயர்த்திக் கேட்டார். தாஸும் மனைவி ரூத்தும் அதுவரை அடுத்தவர் தோப்பில் காய் உரித்தவர்கள். இப்போது சொந்தக் காயை உரித்தார்கள், மகள் ஷைலாவைக் கோயமுத்தூரில் நர்சிங் சேர்த்தார்கள், வந்த பணத்தை விவசாய வருமானம் என்று ஒரு ரூபாய் மறைக்காமல் வருமான வரி ரிட்டர்னில் காட்டினார்கள். ஊரில் அதிசயமாகப் பேசப்பட்டது அந்தக் கடைசிச் செய்திதான்.

போன வருடம் ஷைலாவின் இமெயிலுக்கு நோட்டீஸ் வந்தது. ரிட்டர்னைத் துறை பரிசீலிக்கப்போகிறதாம். விவசாய வருமானத்துக்கு வரி கிடையாது; விவசாயம் என்று ஒப்புக்கொள்ளாவிட்டால் வரியும் அபராதமும் சேர்ந்து வீட்டையே விற்கவைக்கும். வாங்குகிறவர் வீட்டை இடித்துக் கட்ட முதலில் மரத்தைத்தான் வெட்டுவார். டீக்கடை கருப்புசாமி, "ஏனுங்க தாஸண்ணா, ரெண்டு செண்டுல லாரிக் காயின்னா எந்த ஆபீசரு நம்புவாருங்க? பேசாம கரூர்ல நாப்பது ஏக்கரா இருக்குதுன்னு சொல்லிப்போடுங்க" என்றார். தாஸ் அன்று டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தார்.

ஆடிட்டர் அன்புக்கரசி தாஸையும் ரூத்தையும் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். "யாரும் கதவத் தட்ட மாட்டாங்கண்ணா. எல்லாம் கம்ப்யூட்டர்லதான். பாக்கற ஆபீசரு எந்த ஊருன்னு எனக்கே தெரியாதுங்க. கேட்டதுக்கு மட்டும், கேட்ட தேதிக்குள்ள பதில் போடோணும். அவ்வளவுதானுங்க."

"மரத்தப் பத்திக் கேட்டா என்ன சொல்றது அம்மணி?" என்றார் ரூத்.

"உள்ளதச் சொல்லுங்கக்கா."

பட்டா, காய் பறித்த கணக்கு நோட்டு, விற்ற பில், பேங்க் ஸ்டேட்மெண்ட், மரத்தின் போட்டோ எல்லாம் போயின. சில மாதம் கழித்துக் கேள்வி வந்தது. ஒரு மரம் எப்படி இத்தனை காய்க்கும் என்று அதில் இல்லை. பறித்த காய்க்கும் விற்ற காய்க்கும் கணக்கு ஏன் இடிக்கிறது, மீதியைப் பில் இல்லாமல் விற்றீர்களா என்றிருந்தது. லாபக்காய் என்று எழுதிப் போட்டார்கள். அப்படி ஒரு சொல் துறையில் இல்லை போலிருக்கிறது. வீடியோவில் விளக்கச் சொன்னார்கள்.

ஷைலா மரத்தடியில் போனைப் பிடித்துக்கொண்டாள். திரையில் ஒரு மேஜையும் டீக் கோப்பையும் மட்டும் தெரிந்தன. குரல் தமிழைத் தடவித் தடவிப் பேசியது.

"நூறு எண்ணி முடிச்சா, மேல நாலு காய் போடறதுங்க" என்றார் ரூத். "அது வாங்கறவங்களுக்குங்க. எண்ணிக்கை முடிஞ்சப்புறம் போடறத எங்கீங்க எழுதறது?"

"சும்மாவா? எதற்கு?"

"போடாட்டி அடுத்த வாட்டி அவங்க மொகத்துல எப்படீங்க முழிக்கறது?"

அப்போது மரம் ஒரு காயை உதிர்த்தது. தரையில் சத்தம் கேட்கவில்லை. திரையில், டீக் கோப்பைக்குப் பக்கத்தில், மட்டையோடு ஒரு தேங்காய் உட்கார்ந்திருந்தது. கோப்பை ஆடி நின்றது.

"இது என்ன?" என்றது குரல்.

"அதுதானுங்க லாபக்காய்."

பங்குனியில் ஆர்டர் வந்தது: காட்டிய வருமானம் காட்டியபடியே ஏற்கப்பட்டது, வரி ஏதுமில்லை. அன்புக்கரசி அதை இரண்டு தடவை படித்துக் காட்டினார். தாஸ் கருப்புசாமி கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் டீ சொன்னார். அடுத்த வாரம் பதிவுத் தபாலில் ஒரு பார்சல். அனுப்பிய ஊர் அதில் எழுதியிருக்கவில்லை. அரசு ஊழியர் அன்பளிப்பு வாங்கக் கூடாது என்று ஒரே வரி எழுதிய சீட்டோடு அந்தக் காய் திரும்பியிருந்தது. வழியிலேயே முழ உயரம் முளைவிட்டிருந்ததால் தபால்காரர் அதைக் கைக்குழந்தைபோல் தூக்கி வந்தார்.

தாஸ் கடப்பாரையை எடுத்துக்கொண்டு வாசலின் நடுவுக்குப் போனார்.

"அங்க வேண்டாங்க" என்றார் ரூத். "லாரி திரும்பறதுக்கு எடம் உட்டு நடுங்க."